ஆஜர் என்று முத்திரை குத்திய கை

இப்போதெல்லாம் சிறையிலிருந்து ஆளைக் கொண்டுவர வேண்டியதே இல்லையாம். நீதிமன்றத்தில் ஒரு திரை, சிறையில் ஒரு திரை. கைதி அங்கே உட்கார்ந்திருப்பார், நடுவர் இங்கிருந்தே பார்ப்பார், காவல் நீட்டிப்பு முடிந்துவிடும். போன மாதம் என்னைப் பார்க்க வேங்கிக்காலிலிருந்து வந்த சுமதி இதைச் சொன்னாள். அவள் இப்போது ஒரு நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க். நாற்பது வருடங்களுக்கு முன்பு நானும் அந்த வேலைதான் பார்த்தேன்.

"நெட் கட் ஆயிடுச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு மட்டும் பாத்தா மாதிரி போட்டுக்குவோம் மேடம்," என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் முகம் மாறியதைப் பார்த்து, "ஏன் மேடம், உங்க காலத்துல எப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டாள். எங்கள் காலத்திலும் அப்படித்தான் பண்ணினோம், அதில் முக்கால்வாசி நானே பண்ணினேன் என்று அவளிடம் வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். எந்த நீதிமன்றம் என்று சொல்லப் போவதில்லை. திருவண்ணாமலையில் அப்போது ஒன்றுக்கு மேல் இருந்தன. தெரிந்தவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

எங்களுடையது கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் நெல்லும் மல்லாட்டைக் கடலையும் பயிர் வைத்த சமண நயினார் குடும்பம். பள்ளி இறுதி முடித்தேன், தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தேன், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு மூன்று வருடம் காத்திருந்தேன். எழுபதுகளின் நடுவில் நீதிமன்றத்தில் தட்டச்சராகத் தற்காலிக வேலை கிடைத்தது. அந்த அலுவலகத்தில் நான் ஒருத்திதான் பெண். எங்கள் வீட்டுப் பழக்கப்படி பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டேன். நீதிமன்றம் ஏழு மணி வரை நடக்கும் நாளில் அன்றைய ராத்திரிக்குப் பட்டினிதான். "நயினார் வீட்டுப் பொண்ணு சூரியனைப் பாத்துத்தான் சாப்பிடும்" என்று கேலி செய்வார்கள். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். பெஞ்ச் கிளார்க்காக இருந்தவர் உடம்பு சரியில்லாமல் நீண்ட விடுப்பில் போனபோது, வேறு ஆள் கிடைக்காமல் அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். அப்போதும் என் வேலை நிரந்தரமாகவில்லை. நிரந்தரம் செய்யும் கோப்பு, மாவட்டத் தலைநகராக இருந்த வேலூரில் யார் மேசையிலோ தூங்கிக்கொண்டிருந்தது.

பெஞ்ச் கிளார்க் நடுவரின் மேடைக்குக் கீழே உட்காருவார். வழக்குக் கட்டுகளை வரிசைப்படி எடுத்துக் கொடுப்பார். யார் பெயரைக் கூப்பிட வேண்டும் என்று டவாலிச் சேவகரிடம் சீட்டு நீட்டுவார். டவாலி வாசலுக்குப் போய், தெருவுக்கே கேட்கும்படி மூன்று முறை கூப்பிடுவார். கூப்பிட்டும் ஆள் வரவில்லை என்றால் "அழைத்தும் வரவில்லை" என்று குறிப்பில் ஏற வேண்டும். எழுதியே ஆக வேண்டும், அது சட்டம்.

சிறையில் இருப்பவர்களுக்கும் ஒரு சட்டம் உண்டு. விசாரணைக் கைதியை ஒரே மூச்சில் பதினைந்து நாளுக்கு மேல் அடைத்துவைக்கக் கூடாது. பதினைந்து நாளைக்கு ஒரு முறை நடுவர் முன்னால் நிறுத்த வேண்டும். இன்னும் ஏன் இவரை அடைத்துவைத்திருக்கிறோம் என்று நடுவர் யோசித்துப் பார்த்து, அடுத்த வாய்தா போட வேண்டும். அந்த யோசனைக்காகத்தான் ஆளைக் கொண்டுவருவது.

நடந்ததைச் சொல்கிறேன். வாய்தா நாளில் காலை பத்தரைக்கு ஒரு காவலர் சைக்கிளில் வருவார். கையில் ஒரு துணிப்பை, பைக்குள் வாரண்ட் கட்டு, சிறையில் வைக்கும் உத்தரவு ஆளுக்கு ஒன்று. காகிதம் வந்துவிடும், ஆள் வரமாட்டார். கேட்டால் "வழிக்காவலுக்குப் போலீஸ் இல்லை" என்பார்கள். கட்டைப் பிரித்து ஒவ்வொரு வாரண்டின் பின்புறமும் ரப்பர் முத்திரை குத்துவது என் வேலை. முத்திரையில் மூன்று வரி: 'ஆஜர் செய்யப்பட்டார். காவல் நீட்டிக்கப்பட்டது. அடுத்த வாய்தா.' மூன்றாவது வரிக்குப் பக்கத்தில் தேதியை நான் பேனாவால் எழுதுவேன். நடுவர் கையெழுத்துப் போடுவார். சைக்கிள் திரும்பிப் போகும். இருபது பேரின் பதினைந்து நாள் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் செய்தார், அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். நானும் குத்தினேன். ஒரு நாள்கூடக் கை நடுங்கியதில்லை.

எங்கள் நடுவரைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். கையூட்டு என்ற பேச்சே அவரிடம் கிடையாது. வழக்காட வந்த கட்சிக்காரர் யாரோ கோயில் பிரசாதம் கொண்டுவந்தார் என்று அதைத் தொடாமல் திருப்பி அனுப்பியவர். சரியாகப் பத்து இருபத்தைந்துக்குக் குடையும் கையுமாக நடந்து வருவார். கூண்டில் நிற்பவரைக்கூட "நீங்க" என்றுதான் கூப்பிடுவார். தீர்ப்பு எழுதினால் ஒரு காற்புள்ளி பிசகாது. ஒவ்வொரு கையெழுத்துக்கும் பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, அடுத்த காகிதத்துக்கு மறுபடி திறப்பார். மை காயக் கூடாது என்பார். அப்படிப்பட்டவரும் வாரண்ட் கட்டு வந்தால் மட்டும் பேனாவை மூடாமல் கடகடவென்று போட்டுக்கொண்டே போவார். நல்லவர்கள் செய்கிற தப்பை யாரும் தப்பு என்று சொல்வதில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம்.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் இந்தக் கட்டு திடீரென்று கனத்துவிடும். லட்சக்கணக்கில் ஜனம் வருகிற திருவிழா. முன்னெச்சரிக்கை என்று சொல்லி, பார்வைக்குச் சரியில்லாதவர், விலாசம் சொல்லத் தெரியாதவர், கையில் மூட்டை வைத்திருப்பவர் என்று அள்ளிக்கொண்டு வருவார்கள். தீபம் முடிந்ததும் பாதிப் பேரை விட்டுவிடுவார்கள். மீதிப் பேர் சிறையிலேயே மறந்துபோய்க் கிடப்பார்கள்.

நான் சொல்ல வந்த வருடம், அப்படி மறந்துபோனவர்களில் ஒருவர் ஏழுமலை. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர். பழைய பித்தளைப் பாத்திரங்கள் நிறைந்த சாக்கோடு கிரிவலப் பாதையில் நடந்து வந்தவரை, திருட்டுச் சாமான் என்று பிடித்துவிட்டார்கள். முதல் நாள் மட்டும் பத்துப் பேரோடு ஒருவராக நடுவர் முன் நிறுத்தினார்கள். வாய் திறப்பதற்குள் அடுத்த ஆள். பிறகு குற்றப்பத்திரிகையும் வந்தது, ஜாமீனும் கொடுத்தார்கள். ஆனால் சொத்து உள்ளவர்கள் இரண்டு பேர் பொறுப்பேற்க வேண்டும். ஈயம் பூசுகிறவருக்கு அப்படி யார் வருவார்கள்? தை கழிந்து மாசியும் பிறந்துவிட்டது. ஐந்து வாய்தா ஆனது. ஐந்து முறையும் அவர் வாரண்டில் 'ஆஜர்' குத்தியது இந்தக் கைதான்.

ஐந்தாவது வாய்தா அன்று மதியம் சாப்பிட எழுந்தேன். நீதிமன்ற வளாகத்துப் புங்க மரத்தடியிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். பெயர் கன்னியம்மா, ஏழுமலையின் மனைவி.

"அம்மா, இன்னைக்கு எங்க வூட்டுக்காரரு கேசு உண்டுங்களா?"

விவரம் கேட்டு எந்த வழக்கு என்று தெரிந்துகொண்டு, "அது காலைலயே முடிஞ்சுதும்மா. அடுத்த வாய்தா போட்டாச்சு," என்றேன்.

"முடிஞ்சுதா? கூட்டியாந்தாங்களா அவர?"

"ஆஜர் பண்ணியாச்சு." இதுவும் முத்திரை மாதிரி என் வாயில் தயாராக இருந்த வார்த்தைதான்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்கம்மா பண்ணாங்க? கேட்டு தொறக்கறதுக்கு முன்னாடியே வந்து இங்கியே குந்திக்கினு இருக்கேன். தண்ணி குடிக்கக்கூட எழுந்து போவல. எந்த வழியா கூட்டியாந்தாங்க?"

அந்த வேலையில் அத்தனை வருடத்தில் யாரும் என்னைக் கேட்காத கேள்வி அது. வக்கீல்கள் கேட்டதில்லை, மேலிருந்து ஆய்வுக்கு வந்தவர்கள் கேட்டதில்லை. எந்த வழியாக? அந்தக் கட்டடத்துக்கு ஒரே ஒரு வாசல்தான்.

"அவரு வாயத் தொறந்து ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும்மா," என்றாள். "அடி அண்ணாமலைல ஒரு வூட்டுல ஈயம் பூசக் குடுத்த அண்டாவும் குண்டானும். ரசீது எங்கனு கேட்டாங்களாம். ஈயம் பூசக் குடுக்கற பாத்திரத்துக்கு யாரும்மா ரசீது தர்றாங்க? எந்த வூடுனு அவருக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. ஐயா முன்னாடி நிக்க வெச்சா அவரே சொல்லிடுவாரு. ஒவ்வொரு வாய்தாவும் வந்து பாக்கறேன், கண்ணுலயே காட்ட மாட்டேங்கறீங்களே."

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. வெட்கம்தான். உள்ளே போய், அதே முத்திரை குத்தி நாங்கள் வைத்துக்கொள்ளும் ஏழுமலையின் வாரண்ட் நகலை எடுத்துப் பார்த்தேன். ஐந்து முத்திரைகளும் கோணாமல் நேராக இருந்தன. முத்திரையை நேராகக் குத்துவதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதை நினைத்து என் மீதே எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

பத்து நாள் போயிருக்கும். வேலூர் வழியாக ஒரு படிவம் வந்தது, மேலே 'மிக அவசரம்'. மனித உரிமை பற்றிய பன்னாட்டு உடன்படிக்கை ஒன்றில் நம் நாடு எழுபத்தொன்பதில் சேர்ந்துவிட்டது. அதன்படி இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று வெளியே ஐ.நா. சபைக்கு அறிக்கை கொடுக்க வேண்டுமாம். அதற்காகக் கீழிருந்து விவரம் கேட்டிருந்தார்கள். பின்னிணைப்பில் உடன்படிக்கையின் சில பிரிவுகளை ஆங்கிலத்தில் தட்டியிருந்தார்கள். கைது செய்யப்பட்ட எவரையும் தாமதமில்லாமல் நீதிபதி முன் கொண்டுவர வேண்டும் என்று அதில் ஒன்று. படிவத்தின் நாலாவது கலம் அதைத்தான் கேட்டது: கடந்த ஓராண்டில் நடுவர் முன் நேரில் நிறுத்தப்படாமல் காவல் நீட்டிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்?

தலைமை எழுத்தர் சபாபதி அதை என் மேசையில் போட்டார். "எல்லாத்துக்கும் இன்மைன்னு தட்டிடும்மா. ஐயா கையெழுத்துக்கு வெக்கணும்."

இன்மை என்றால் ஒன்றுமில்லை, பூஜ்யம் என்று பொருள். அரசாங்க அலுவலகத்தில் படிவம் வந்தால் படிக்கும் முன்பே விரல் தட்டுகிற வார்த்தை அது.

"நாலாவது கலத்துல இன்மை இல்லைங்களே சார்," என்றேன்.

"என்ன இல்ல?"

"ஆளே வராம நானே குத்தியிருக்கேன். ஏழுமலைக்கு மட்டும் அஞ்சு தடவை."

சபாபதி கண்ணாடியைக் கழற்றினார். கெட்டவர் இல்லை, பயந்தவர். "ஏம்மா பத்மா, இது ஜெனீவாவுக்குப் போற காகிதம். ஜெனீவா எங்க இருக்குனு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அவனுக்கு நம்ம ஊரு தெரியுமா? அப்புறம் எதுக்கு வம்பு? உன் வேலை இன்னும் பர்மனென்ட் ஆவல, ஞாபகம் வெச்சுக்க."

"அவங்களுக்குத் தெரியாதுனுதானே சார் நம்மள கேக்கறாங்க. நான் தட்ட மாட்டேன்."

அவர் என்னை நடுவரிடம் கூட்டிக்கொண்டு போனார். நடுவர் முழுவதையும் கேட்டுவிட்டு, பேனாவைத் திறந்து மறுபடி மூடினார். "முத்திரை வெச்சது நீங்கதானே?" என்றார்.

"ஆமாங்கய்யா. அதனாலதான் சொல்றேன். வெளியாளு சொன்னா பொய்னு சொல்லலாம்."

"நானும்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்," என்றார், யாரிடமோ சொல்வது போல. படிவத்தை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். "வாய்தா வரட்டும், பாக்கலாம்."

ஆறாவது வாய்தா வந்தது. சைக்கிள் வந்தது, பை வந்தது. அன்று பதினோரு வாரண்ட். கட்டைப் பிரித்தேன். ரப்பர் முத்திரையை எடுக்கவில்லை. முதல் வாரண்டில் இருந்த பெயரைச் சீட்டில் எழுதி டவாலி முனுசாமியிடம் நீட்டினேன்.

முனுசாமி சீட்டைப் பார்த்துக் குனிந்து, "இது ரிமாண்ட் ஆளும்மா. கூப்பிட்டா எப்படி வருவான்?" என்று கிசுகிசுத்தார்.

"வந்தா ஆஜர், வரலைன்னா வரலை. கூப்பிடுங்க."

அவர் நடுவரைப் பார்த்தார். நடுவர் வேறொரு கட்டில் தலையைப் புதைத்திருந்தார், அல்லது அப்படி இருந்தார் என்று நான் நினைத்துக்கொண்டேன். முனுசாமி வாசலுக்குப் போய்த் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏழுமலை! ஏழுமலை! ஏழுமலை!"

வளாகமே திரும்பிப் பார்த்தது. மூலையில் ஒரு வக்கீல், "அண்ணாமலையார் ஊர்ல நின்னு ஏழுமலையானைக் கூப்புட்டா எப்படிய்யா வருவாரு?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கன்னியம்மா வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். காவலர் தடுத்தார், அவள் நிற்கவில்லை.

"அவரு இங்க இல்லீங்க சாமி. ஜெயில்ல இருக்காருங்க."

நடுவர் தலை நிமிர்ந்தார். "யாரு நீங்க?"

"இப்ப கூப்புட்டாரே, அந்தப் பேருக்காரரு எங்க வூட்டுக்காரருங்க. அஞ்சு தடவை இங்க வந்தாருன்னு சொல்றாங்க. அஞ்சு தடவையும் நான் வாசல்லதாங்க இருந்தேன். ஒரு தடவைகூட வரலீங்க."

எனக்குப் பயம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பின்வாங்கவும் இல்லை. எழுந்து நின்று, "அழைத்தும் ஆஜராகவில்லைனு குறிச்சுக்கலாங்களா ஐயா?" என்று கேட்டேன்.

திறந்த நீதிமன்றத்தில், பத்து வக்கீல்களும் ஊரும் கேட்க, அதற்கு அவர் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். குறிக்கச் சொன்னால் காவலை நீட்டிக்க முடியாது. குறிக்காதே என்றால் எல்லோர் காதிலும் விழும். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது. பிறகு காவலரிடம் திரும்பினார்.

"பதினோரு பேரையும் கூட்டிட்டு வாங்க."

"வழிக்காவல் இல்லைங்கய்யா."

"நடந்தா பத்து நிமிஷம். அவங்க வர்ற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்."

சாயங்காலம் நாலரைக்குக் கொண்டுவந்தார்கள். ஏழுமலை தாடியும் மீசையுமாக, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். நடுவர் கேட்டதும் மளமளவென்று சொல்லிவிட்டார். அடி அண்ணாமலையில் எந்தத் தெரு, எந்த வீடு, அண்டா எத்தனை, குண்டான் எத்தனை, எந்தக் குண்டானில் அடிப்பக்கம் நசுங்கியிருக்கும் என்பது வரை. சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. அந்த இரண்டு நிமிடத்துக்காக அவர் மூன்று மாதம் சிறையில் கிடந்திருக்கிறார். சொந்த ஜாமீனில் விட உத்தரவானது. மற்ற பத்துப் பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கேட்டு, எழுதி முடிக்க ஏழு மணி தாண்டிவிட்டது. அன்று ராத்திரி எனக்குப் பட்டினி. பசி தெரியவே இல்லை.

பிற்பாடு அந்த வீட்டு அம்மாள் வந்து பாத்திரங்களை அடையாளம் காட்டினார், வழக்கும் தள்ளுபடியானது. இந்த மூன்று மாதத்துக்கு ஏதாவது கேட்க முடியுமா என்று ஏழுமலை ஒரு வக்கீலைக் கேட்டிருக்கிறார். முடியாது என்றார் வக்கீல். அந்த உடன்படிக்கையில் சேரும்போதே நம் நாடு, தவறாக அடைத்துவைத்ததற்கு நஷ்டஈடு கேட்கும் உரிமை இங்கே கிடையாது என்று தனியாக ஒரு குறிப்புக் கொடுத்துவிட்டதாம். அதில் மட்டும் முன்யோசனை.

மறுநாள் நடுவர் என்னைக் கூப்பிட்டார். இழுப்பறையிலிருந்து படிவத்தை எடுத்து, நாலாவது கலத்தில் என் கண்ணெதிரே தன் பேனாவால் 'இன்மை' என்று எழுதினார்.

"இனிமே ஆள் வராம கையெழுத்துப் போட மாட்டேன். சத்தியமா சொல்றேன். அப்ப இது இன்மைதானேம்மா?"

"இனிமே இன்மைங்கய்யா. கேட்டிருக்கறது போன வருஷத்தை."

"இது நாட்டோட கௌரவம்மா. நாலு பேர் முன்னாடி நாம தலை குனியணுமா?"

"அந்த நாலு பேர்கிட்ட வாக்குக் குடுத்தது நாமதானேங்கய்யா."

அவர் பேனாவை மூடினார். படிவம் சபாபதி கையால் வேலூருக்குப் போனது. அதோடு நடுவரின் கையெழுத்தோடு இன்னொரு காகிதமும் எனக்கு வந்தது. மேலதிகாரியின் ஆணைக்குக் கீழ்ப்படியாதது, நீதிமன்ற நேரத்தை வீணாக்கியது ஆகியவற்றுக்காக ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று மெமோ. பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். அதுவும் பதினைந்து நாள்தான்.

"நாலு வரி மன்னிப்பு எழுதிக் குடுத்துடும்மா," என்று சபாபதி கெஞ்சினார். "நான் பாத்துக்கறேன்."

நான் எழுதியது நாலு வரி இல்லை, ஒன்பது பக்கம். மெமோவுக்குக் கொடுக்கும் விளக்கத்தைக் கிழித்துப் போட முடியாது. கோப்போடு சேர்த்து மேலே அனுப்பியே ஆக வேண்டும். அத்தனை வருடம் அந்த அலுவலகத்தில் உட்கார்ந்ததற்கு அது தெரியாமலா இருப்பேன்? மாலை வேளைகளில் பழைய பதிவேடுகளை எடுத்துவைத்து, நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து ஆளைப் பார்க்காமல் குத்திய ஒவ்வொரு முத்திரையையும் தேதி, பெயர், வழக்கு எண்ணோடு எழுதினேன். எந்த இடத்திலும் 'மேலதிகாரி சொன்னார்' என்று எழுதவில்லை. 'நான் முத்திரை வைத்தேன்' என்று மட்டுமே எழுதினேன். கடைசி வரியில், நான் கீழ்ப்படியாதது உண்மை, கீழ்ப்படிந்திருந்ததுதான் என் குற்றம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எட்டு மாதம் கழித்து வேலூரிலிருந்து உத்தரவு வந்தது. என் வேலை நிரந்தரமாவது இரண்டு வருடம் தள்ளிவைக்கப்பட்டது. வேறு ஊருக்கு மாற்றல். நான் அழுவேன் என்று எதிர்பார்த்து சபாபதி தண்ணீர்த் தம்ளரோடு நின்றார். நான் உத்தரவை இரண்டு முறை படித்தேன். என்னைத் தண்டிக்க வேண்டுமானால், என்ன குற்றத்துக்கு என்று அவர்கள் எழுத வேண்டும். எழுதியிருந்தார்கள். 'கீழ்க்கண்ட நபர்கள் நீதிமன்றத்தில் ஆஜர் செய்யப்படாத நிலையில், ஆஜர் செய்யப்பட்டதாகப் பொய்யாக முத்திரை வைத்தது அன்னாரது ஒப்புதலின் மூலமும் பதிவேடுகளின் மூலமும் நிரூபணமாகிறது.' கீழே என் ஒன்பது பக்கப் பட்டியல் முழுவதும், ஒரு பெயர் விடாமல், ஏழுமலை ஐந்து முறை.

இன்மை என்று எழுதிய படிவம் எங்கெங்கோ கடல் தாண்டிப் போயிருக்கும். போகட்டும். அந்த வருடங்களில் அங்கே ஆட்களை நேரில் நிறுத்தாமல் அடைத்துவைத்தார்கள் என்று சொல்லும் அரசாங்கக் காகிதம் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது என்னைத் தண்டித்த உத்தரவு.